காட்டுச் சருகும் மண்புழுவும்

இலையுதிர்காலம் முடியும்போது ஒன்ராறியோவின் மேப்பிள் காடுகளில் கணுக்கால் புதையுமளவுக்குச் சருகு கிடக்கும். ஆண்டுதோறும் இப்படி விழுந்தும் காடு சருகால் மூடுண்டு போவதில்லை. ஊரில் உயிரியல் படித்தவர்களுக்குப் ‘பிரிகையாக்கம்’ என்ற சொல் நினைவிருக்கும். பிள்ளைகளுக்காக அதைச் சற்று விளக்குவோம்.

முதலில் மழைநீரும் பனிநீரும் சருகிலுள்ள சீனி, பொட்டாசியம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு போகின்றன. தேயிலையில் சாயம் இறங்குவது போலத்தான். பிறகு பற்றீரியாக்களும் பங்கசுக்களும் செலுலோசை உடைக்கின்றன. கடைசிவரை தாக்குப்பிடிப்பது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின். அதை நன்றாக உடைக்கக்கூடியவை சில வகைப் பங்கசுக்களே. மேப்பிள் இலையைவிட ஓக் இலையும் பைன் ஊசியிலையும் அதிக காலம் உக்காமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்காலத்திலும் இந்த வேலை முற்றாக நிற்பதில்லை. தடித்த பனிப்போர்வையின் கீழ் மண் அவ்வளவாக உறையாது.

“மண்புழுவைச் சொல்லவில்லையே, அது உழவனின் நண்பனாயிற்றே” என்பீர்கள். தோட்டத்துக்கு அது சரி. ஆனால் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நிலத்தைப் பனிப்பாறை மூடியிருந்தது. அதன்பின் வந்த காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. இங்கே நாம் காணும் புழுக்களில் பெரும்பாலானவை ஐரோப்பியக் குடியேறிகளின் செடிகளோடும், கப்பலில் பாரத்துக்கு ஏற்றிய மண்ணோடும் வந்தவை.

பங்கசுக்கள் ஆறுதலாக உக்கச் செய்வதால் நிலத்தின்மேல் மெத்தைபோல ஒரு படை உண்டாகிறது. மேப்பிள் விதை முளைப்பதும், சலமந்தர்கள் ஈரம் தேடி ஒளிவதும், மாகாண மலராகிய திரில்லியம் வேர்விடுவதும் அதில்தான். புழு நுழைந்த காட்டில் சில ஆண்டுகளிலேயே அந்த மெத்தை போய் வெறும் மண் தெரியும். சத்துக்கள் அவசரமாக விடுபட்டு, வேர்கள் உறிஞ்சுமுன் மழையோடு கழுவுண்டு போகவும் கூடும். பெரிய மரங்கள் நிற்கும். அடியில் கன்றுகள் குறைந்துவிடும்.

புழு தானாக ஆண்டுக்கு 5 முதல் 10 மீற்றர்வரைதான் பரவும். தொலைவிலுள்ள காடுகளுக்கு அதைக் கொண்டுபோவது மனிதர்களே: மண்ணோடு பிடுங்கிய செடி, வாகனச் சில்லு, முக்கியமாகத் தூண்டில் புழு. கோடையில் ஏரிக்கரைக்கு மீன்பிடிக்கப் போகும் நம்மவர் சிலர், மிஞ்சிய புழுவைப் ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று பற்றைக்குள் விடுகிறார்கள். இரக்கந்தான், ஆனால் அந்தக் காடு அதைத் தாங்காது. நீரிலோ, நீரிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ இரைப்புழுவையும் அதன் மண்ணையும் கொட்டுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதமும்கூட. பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். புழு முடிந்திருந்தாலும் மண்ணைக் கொட்டவேண்டாம். எளிதில் கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கூடுகள் அதில் இருக்கக்கூடும்.