வகுப்பறை வாசலில் தமிழை நிறுத்தாதே

அன்புள்ள மருமகளுக்கு,



கல்முனையில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் மேல்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் ஆங்கில இலக்கியமும் படிப்பிக்க உன்னை எடுத்திருப்பதாக உன் உம்மா சொன்னா. அல்ஹம்துலில்லாஹ். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் நீ படித்தது நமது ஊர்ப் பிள்ளைகளுக்கே பயன்படப் போகிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். நீ கேட்டாய் என்பதற்காக, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் நீ போகும் இடத்தை விளங்கிக்கொள். புதிய தனியார் பாடசாலைகள் தொடங்குவதற்கு 1961இல் வந்த சட்டம் தடை போட்டது. அதனால்தான் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிந்து நடக்கின்றன. கட்டணம் கட்டும் வாப்பாமாரில் கடைக்காரரும் உண்டு, கட்டாரிலும் சவூதியிலும் வியர்வை சிந்துபவரும் உண்டு. பிள்ளையின் வாயில் இங்கிலீஷ் வருகிறதா என்பதை மட்டுமே அவர்கள் பார்ப்பார்கள். நிர்வாகமும் அதற்கேற்றபடி நடக்கும். தமிழில் பேசினால் குற்றப்பணம் என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் நீ துணை போகாதே. பணத்துக்குப் பயந்த பிள்ளை ஆங்கிலம் பேசாது, வாயை மூடிக்கொள்ளும். சந்தேகம் கேட்க வேண்டிய இடத்தில் 'யெஸ் மிஸ்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். உள்நாட்டுப் பாடத்திட்டத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு முதன்மொழியும் கட்டாயப் பாடம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நீயே எடுத்துச் சொல். பலர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

உன் முன்னால் இருக்கப்போகும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், மத்ரசாவில் அரபு, இரண்டாம் மொழியாகச் சிங்களம். நாலாவதாகத்தான் நீ வருகிறாய். இந்த மூன்றையும் இடைஞ்சல் என்று நினைக்காதே. உச்சரிப்பையே எடுத்துக்கொள். 'திங்க்', 'தேங்க்ஸ்' என்ற சொற்களின் முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை என்று ஆசிரியர்கள் தலையில் கைவைப்பார்கள். நமது பிள்ளை அதை எப்போதோ பழகிவிட்டது. நாக்கு நுனியை முன்பற்களுக்கு இடையில் வைத்து அரபின் நாலாவது எழுத்தை ஓத லெப்பை சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'திஸ்', 'தட்' என்பவற்றின் முதல் ஒலி ஒன்பதாவது எழுத்து. அதை நினைவுபடுத்தினால் போதும், அந்தப் பாடம் முடிந்தது. ஓதிப் பழகிய நாக்கு அது, அதை நம்பு.

இலக்கியப் பாடத்தில்தான் இந்த மொழிகளின் அருமை நன்றாகத் தெரியும். சாதாரண தர ஆங்கில இலக்கியத்துக்கு ஜப்பானிய எழுத்தாளர் கினோஷிதா ஜுன்ஜியின் கொக்கு நாடகம் பாடமாக வைக்கப்பட்டிருந்தது. அம்பு தைத்த கொக்கொன்றை யோஹ்யோ என்ற ஏழை காப்பாற்றுகிறான். அது ட்சூ என்ற பெண்ணாக வந்து அவனுக்கு மனைவியாகிறது. தன் இறகுகளையே பிடுங்கித் துணி நெய்து கொடுக்கிறது. காசின் ருசி கண்டவன் இன்னும் நெய் என்கிறான். மருதமுனையில் இதை நான் படிப்பித்தபோது, தறிக்காரர் வீட்டுப் பிள்ளையொன்று எழும்பி, "சேர், பாவு ஓட்டாம அவ எப்படி நெய்யிறா?" என்று கேட்டது. வகுப்பு முழுவதும் வாய் திறந்தது. நூல் யார் கொடுப்பது, கூலி யார் தீர்மானிப்பது, சாரனும் சேலையும் கடைக்குப் போனபிறகு என்ன விலை, இரவு விளக்கில் நெய்த உம்மாவின் கண் என்ன ஆனது, எல்லாம் தமிழில் வந்தது. நான் தடுக்கவில்லை. பேசி முடிந்த பிறகு, பேசியதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ட்சூ ஏன் மெலிந்துபோகிறாள் என்ற கேள்விக்கு டியூட்டரி நோட்ஸில் இல்லாத விடைகள் வந்தன. சில வசனங்களில் இலக்கணம் பிழை. அதைத் திருத்த மறுநாள் இருக்கிறது.

ஒன்றைக் கவனமாகப் பார். பாடத்தை வரிக்கு வரி தமிழாக்கிக் கொடுத்தால் பிள்ளை ஆங்கில வரியைத் திரும்பிப் பார்க்காது. வாசிப்பு ஆங்கிலத்தில், விவாதம் அவர்களுக்கு வரும் மொழியில், எழுத்து ஆங்கிலத்தில் என்று வைத்துக்கொள். வளைகுடாவில் வளர்ந்து திரும்பிய, தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையும் இருக்கும். அதன் பக்கத்தில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒன்றை உட்காரவை, இரண்டும் ஒன்றிடம் ஒன்று கற்கும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழி என்று நினைக்காதே. சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் படித்தவர். 1926இல் வந்த அவருடைய 'மதங்க சூளாமணி' ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நமது நாடக மரபின் கண்ணால் பார்க்கிறது. ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்றே அடிகள் அழைத்தார். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த நுஃமானைப் பார். பலஸ்தீனக் கவிஞர்களை ஆங்கிலத்தின் வழியாக வாசித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். காஸாவுக்காகக் கையேந்தித் துஆக் கேட்கும் பிள்ளைகளுக்கு, அந்த மண்ணின் கவிதை நம்மூர் மனிதர் ஒருவரின் ஆங்கிலத்தால்தான் தமிழுக்கு வந்தது என்று சொல்லிக் கொடு. ஆங்கிலம் எதற்கு என்ற கேள்விக்கு வேலை, விசா என்பவற்றைத் தவிர வேறு விடையும் இருப்பது அவர்களுக்கு அப்போது தெரியும். இந்த இருவருக்கும் ஆங்கிலம் பயன்பட்டது தமிழை நன்றாகப் படித்திருந்ததால். நீயும் தமிழ் வாசிப்பை விட்டுவிடாதே. ஆங்கில ஆசிரியைக்குத் தமிழ் எதற்கு என்று கேட்பவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்.

முதல் தவணை தொடங்குமுன் அதிபரிடம் மரியாதையாகப் பேசு. உன் வகுப்பில் மட்டுமாவது குற்றப்பணம் வேண்டாம் என்று கேள். மறுத்தால், ஒரு தவணைக்கு அனுமதி கேட்டுப் பிள்ளைகளின் எழுத்தைக் கொண்டுபோய்க் காட்டு. அதற்குமேல் அவர் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

வஸ்ஸலாம்.

உன் மாமா