கார்புரேட்டரும் அதனைச் செவ்வைப்படுத்தும் முறையும்

மனிதனுக்கு மூச்சு எத்தகையதோ அத்தகையதே மோட்டார் யந்திரத்திற்குக் கார்புரேட்டர். பெட்ரோல் தனித்து நின்று யந்திரத்தை ஓட்டுவதில்லை. தக்க அளவு காற்றோடு கலந்து, நுண்துளியாகவும் ஆவியாகவும் மாறிய பின்னரே அஃது எரிந்து ஆற்றலைத் தருகின்றது. அக்கலவையை ஆக்கித் தரும் கருவியே கார்புரேட்டர். புதிய வண்டிகளில் மின்கருவியின் ஏவலால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டமையால், இக்கருவி இன்று பெரும்பாலும் பழைய வண்டிகளிலேயே காணப்படுகின்றது. எனினும், பழமையான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பேணுவோர்க்கு இதனை அறிதல் இன்றியமையாதது. இயற்பியல் பயிலும் மாணவர்க்கும் இஃது ஒரு நல்லாசான். ஆகவே, இதனைப் பிரித்துச் செப்பனிட்டு இசைவிக்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நம் நாட்டுத் தொடர்பு

புதுக்கோட்டைச் சீமைக்கு மோட்டார்த் தொழில் புதிதன்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டில் பஸ் சர்வீஸைத் தொடங்கித் தென்னாட்டு மோட்டார்ப் போக்குவரத்துக்கு அடிகோலினார். அவருடைய தொடக்கநாள் வண்டிகள் ஓடிய வழிகளுள் தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையும் ஒன்றென்பர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைத்தல் அரிதானபோது, அவருடைய நிறுவனம் கரிவாயுவை உண்டாக்கும் கருவியைச் செய்து வண்டிகளுக்குப் பொருத்தியது. எரிபொருள் மாறினால் காற்றின் அளவும் மாறவேண்டும் என்னும் உண்மையை நம் தொழிலாளர் அப்போதே கைப்பழக்கத்தால் அறிந்துகொண்டனர். அவ்வுண்மை இன்று மீண்டும் நமக்குத் தேவையாகியுள்ளமையைப் பின்னர்க் காண்போம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அதனை அயல்நாட்டுச் செல்வர்தம் பொருளென்று ஒதுக்குதல் பொருந்தாது. 1961-ஆம் ஆண்டு முதல் சென்னையை அடுத்துச் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியின் யந்திரமும், 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் யந்திரமும் ஒரே குலத்தன. நாடெங்கும் ஓடிய அம்பாஸடரின் 1,489 கன சென்டிமீட்டர் யந்திரமும், 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் யந்திரமும் அவ்வாறே உடன்பிறந்தன. வேறுபாட்டுள் முதன்மையானது யாதெனில், குடும்ப வண்டிக்கு ஒரு கார்புரேட்டரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டும் அமைந்திருத்தலேயாம். ஆதலின், அம்பாஸடரைக் கைக்கொண்டு பழகிய நம் ஊர் மெக்கானிக், இரண்டினையும் ஒத்து மூச்சிழுக்கச் செய்யும் நுட்பத்தை மட்டுமே புதிதாகக் கற்க வேண்டியவராவர்.

கலவையின் அளவு

நிறை அளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். கன அளவில் நோக்கினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டியதாகும். பெட்ரோல் மிகுந்த கலவையைத் தொழிலாளர் ‘ரிச்’ என்பர்; குறைந்ததை ‘லீன்’ என்பர். முன்னையதால் கரும்புகையும் வீண்செலவும் உண்டாகும். பிளக்கின் முனையில் கரி படியும். பின்னையது அதனினும் கேடு தருவது. யந்திரம் அளவிறந்து சூடேறும். கார்புரேட்டர் வழியே வெடிச்சத்தம் எழும். நாளடைவில் புகைபோகும் வால்வு கருகிப் போகும். பிளக்கின் முனை இளம்பழுப்பாயிருத்தல் நலத்தின் அறிகுறி.

காற்றின் அடர்த்தியும் இடத்திற்கேற்ப மாறும். கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயர்ந்துள்ள கோடைக்கானலில் காற்று ஐந்தில் ஒரு பங்களவு அடர்த்தி குறைந்தது. புதுக்கோட்டைச் சமவெளியில் செவ்வையாக ஓடிய வண்டி அங்கே ‘ரிச்’ ஆகிப் புகைதல் இதனாலேயே.

எஸ்.யு. கருவியின் அமைப்பு

மேற்சொன்ன ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்.யு. என்னும் கார்புரேட்டர். ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கமே எஸ்.யு. ஆகும். ஸ்கின்னர் சகோதரர் தோல் வாணிகக் குடும்பத்தினர். அவர்கள் முதலில் செய்த கருவியில் தோலாலாகிய துருத்தியே அமைந்திருந்தது. 1910-ஆம் ஆண்டில் அவர்கள் கம்பெனி நிறுவப்பெற்றது.

இக்கருவியின் மேற்பகுதியில் கிண்ணம் கவிழ்த்தாற்போன்ற உலோக அறை ஒன்றும், அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒன்றும் உள்ளன. பிஸ்டனின் அடியில் நுனி சிறுத்துச் செல்லும் நீடில் தொங்கும். அந்நீடில் பித்தளை ஜெட்டின் துளைக்குள் நிற்கும். ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, காற்று மிகுதியாகப் பாய்கின்றது. அப்போது மேலறையில் அழுத்தம் குறையப் பிஸ்டன் எழுகின்றது. நீடிலும் உடன் எழுவதால் துளையின் இடைவெளி அகன்று பெட்ரோல் மிகுதியாக வருகின்றது. இவ்வாறு காற்றின் அளவே பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கின்றது. காற்று விரையுமிடத்து அழுத்தம் குறையும் என்று பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதியின் பயனை இங்கே கண்கூடாகக் காணலாம். பிஸ்டனின் தண்டிற்குள் ஊற்றப்படும் மெல்லிய எண்ணெய், அது திடீரென எழாதபடி தடுத்து, வேகம் கூட்டும்போது கலவையைச் சிறிது செறிவாக்குகின்றது.

பிரித்துச் செப்பனிடல்

பெட்ரோலைக் கையாளும்போது வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இருத்தல் வேண்டும். நெருப்பு அருகில் இருத்தலாகாது. இரண்டு கார்புரேட்டர்களையும் ஒருசேரப் பிரித்துக் கலந்துவிடுதல் கூடாது. ஒவ்வொரு பிஸ்டனும் தன் அறைக்கென்றே இழைக்கப்பெற்றதாதலின், ஒன்றனதை மற்றொன்றில் இட்டால் பொருந்தாது. வெவ்வேறு தட்டுகளில் வைத்து அடையாளமிடுக. உட்புறத்தைத் துணியால் துடைக்கலாமேயன்றி உப்புத்தாளால் தேய்த்தலாகாது. ஜெட்டின் துளையில் கம்பியை விடுதலும் பெரும்பிழை. கண்ணுக்குத் தோன்றாத கீறலும் அளவைக் கெடுத்துவிடும்.

பிறகு மூன்றனை ஆராய்க. முதலாவது, திராட்டில் தண்டு. அது தேய்ந்து ஆடினால் அளவிறந்த காற்று பக்கவழியே புகும். எவ்வளவு இசைவித்தாலும் பயனில்லை. தண்டையும் புஷ்ஷையும் மாற்றுதலே வழி. இரண்டாவது, நீடிலும் ஜெட்டும். நீடிலின் ஒருபுறம் பளபளப்பாய்த் தேய்ந்திருப்பின் ஜெட் நடுவில் அமையவில்லை என்பது தெளிவு. பிஸ்டனை உயர்த்தி விட்டால் ‘டக்’கென்ற ஒலியோடு விழவேண்டும். ஜெட் மேலே இருக்கும்போதும் கீழே இறக்கியபோதும் அவ்வொலி ஒத்திருத்தல் வேண்டும். மூன்றாவது, பிளோட் எனப்படும் மிதவை. அது ஓட்டையாயினும், அதன் வால்வு தேய்ந்திருப்பினும், பெட்ரோல் நிரம்பி வழியும்.

இசைவித்தல்

நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியன் நல்ல வைத்தியன் ஆகான். வால்வு இடைவெளி, பிளக், பாயிண்ட், டைமிங் ஆகியவற்றை முதலில் சரிசெய்த பின்னரே கார்புரேட்டரைத் தொடுதல் வேண்டும். யந்திரம் நன்றாகச் சூடேறியிருத்தலும் அவசியம்.

இரண்டு திராட்டில் தண்டுகளையும் பிணைக்கும் இணைப்பைத் தளர்த்துக. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்டால், காற்று உட்புகும் சீறல் கேட்கும். இரண்டிலும் அச்சீறல் ஒத்திருக்கும் வரையில் வேகத் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்புக.

அடுத்தது கலவை. ஜெட்டைத் தாங்கும் நட்டு ஆறு பட்டையுடையது. யந்திரத்தை நிறுத்தி, ஜெட்டை மேல்மட்டம் வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச்சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை இறக்குதல் தொடக்க நிலையாகும். பின்பு யந்திரத்தை மீண்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பட்டைக்கு மேல் திருப்பாது மாற்றுக. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தூக்கிச் சோதித்தால் யந்திரமே விடை கூறும். வேகம் கூடிக் கூடியபடியே நிற்குமாயின் கலவை ‘ரிச்’, நட்டை ஏற்றுக. வேகம் உடனே தளர்ந்து நிற்கப் போகுமாயின் ‘லீன்’, நட்டை இறக்குக. கணப்பொழுது சிறிது கூடிப் பழைய நிலைக்கு மீளுமாயின் கலவை செவ்விது. இரண்டிலும் இவ்வாறு செய்து, சீறலை மறுபடி ஒத்துப் பார்த்து, இரு திராட்டில்களும் ஒரே கணத்தில் அசையுமாறு இணைப்பை இறுக்குக.

இக்காலப் பெட்ரோல்

இனி, பழைய கையேடுகளில் காணப்படாத ஒன்றைக் கூறவேண்டும். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எத்தனாலை நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் 2023-இல் நம் நாட்டில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனாலில் ஆக்ஸிஜன் முன்னரே உள்ளமையால் அஃது எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே இக்கலப்புப் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று சுமார் 13.5 பங்காகக் குறைகின்றது. கையேட்டின்படியே வைத்த பழைய கார்புரேட்டரில் இதனை ஊற்றினால், கலவை நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு ‘லீன்’ ஆகிவிடும். ஓட்டுபவர் வேறுபாட்டை உணராதிருக்கலாம். வெயிற்காலத்து நெடும்பயணத்தில் வால்வு அதனை உணரும். எனவே மேற்கூறிய சோதனையை மீண்டும் செய்து, ஜெட்டைச் சிறிது இறக்குதல் வேண்டும். உயர்வேகத்திலும் கலவை குறைவுபட்டால் மெலிந்த நீடிலை இடவேண்டியதாகும்.

அன்றியும், எத்தனால் பழைய ரப்பரையும் தக்கையையும் கெடுக்கும். காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். அதனைத் தாங்கும் ரப்பர்க் குழாயும் வாஷரும் இடுக. ஐப்பசி கார்த்திகை மழைநாட்களில் வண்டியை ஓட்டாது நிறுத்துவோர், மிதவை அறையைக் காலி செய்து வைத்தல் நலம்.

கையேடு அது எழுதப்பெற்ற காலத்துப் பெட்ரோலையும் அந்நாட்டுக் காற்றையும் கருதியே அளவுகளைக் கூறிற்று. அவ்வளவுகள் தொடக்கநிலையேயன்றி முடிந்த முடிபல்ல. ஒரு நேரத்தில் ஒன்றனை மட்டும் மாற்றி, அதன் பயனை நோக்கி, குறித்து வைத்து, அதன் பின்னரே மற்றொன்றைத் தொடுக என்பதே நம் ஆய்வுக்கூடங்களில் கற்பிக்கப்படும் முறை. அம்முறையைக் கைக்கொள்வோரிடத்தில், அறுபது எழுபது ஆண்டு கண்ட யந்திரமும் இன்றைய பெட்ரோலில் பழுதின்றி ஓடும்.