முதலில் மூச்சு, பிறகு சுருதி

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் ஜாஸ் குழு உண்டு. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் எல்லாம் அதில் இருக்கும். குளிர்ந்த ஊதுகருவிகளைப் பியானோவுடன் சுருதி சேர்த்து, உடனே வாசிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் அவற்றின் சுருதி ஏறிவிடும். ஏன்?

பித்தளை சூடேறி விரிவடைகிறது என்பீர்களா? சற்று யோசியுங்கள். குழாய் நீண்டால் சுருதி இறங்கவேண்டும், இங்கோ ஏறுகிறது! காரணம் குழாயினுள் இருக்கும் காற்று. மூச்சு அதை வெப்பமாக்குகிறது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்றில் ஒலியின் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் அது 343 மீட்டர். 25 டிகிரியில் 346 மீட்டர். அதிர்வெண்ணும் இதே விகிதத்தில் உயரும். 440 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 444 ஆகும். பியானோவோ 440-இலேயே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு 4 விம்மல்கள் கேட்கும்.

எனவே பயிற்சியின் வரிசை இது: முதலில் சில நிமிடங்கள் மென்மையாக ஊதும் நீண்ட ஸ்வரங்கள், அடுத்து, நிதானமாக ஒரு ஸ்வரவரிசை, அதன் பின்பே சுருதி சேர்த்தல். சுருதி ஏறியிருந்தால் டிரம்பெட்டின் சுருதிக் குழாயைச் சற்று வெளியே இழுக்கவேண்டும். காற்றுத்தம்பம் நீளும், சுருதி இறங்கும்.

முதலில் எதை வாசிப்பது? டியூக் எல்லிங்டன் குழு 1942-இல் ஒலிப்பதிவு செய்த 'சி ஜாம் புளூஸ்' ஏற்றது. அதன் மெட்டில் இரண்டே ஸ்வரங்கள்! விரல்களுக்கு வேலை குறைவு. காது விம்மல்களைக் கவனிக்கலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: காற்று 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடேறினால், 440 ஹெர்ட்ஸ் என்னவாகும்?