செல்லுக்குள் ஒரு மின் நிலையம்

ரயில்வேயில் மின்சார எஞ்சின்களோடு காலம் தள்ளியவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, இது நம் ஷெட் சமாசாரம் அல்லவா என்றுதான் எனக்குத் தோன்றியது.

ரத்தச் சிவப்பணுக்கள் நீங்கலாக, நம் உடலின் செல்கள் எல்லாவற்றிலும் இவை உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு சல்லடை போன்றது. அதிலுள்ள துளைப் புரதங்கள் சிறிய மூலக்கூறுகளைப் போகவர விடும். உட்சவ்வு கறார். மடிப்பு மடிப்பாக இருக்கும் அதில்தான் உண்மையான வேலை நடக்கிறது.

நாம் உண்ட சோறோ சப்பாத்தியோ செரித்த பிறகு, அதிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்துள்ள புரதத் தொகுதிகளின் வழியே கைமாறிச் செல்கின்றன. இத்தொகுதிகள் நான்கு. முதல், மூன்றாம், நான்காம் தொகுதிகள் அந்த ஓட்டத்தின் வலுவைக் கொண்டு புரோட்டான்களை வெளியே இறைக்கின்றன. கடைசியில் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன். வெளியே தேங்கிய புரோட்டான்கள், மேட்டூர் அணை நீர் மதகு வழியே பாய்வதுபோல, ஐந்தாவது புரதம் வழியே உள்ளே பாயும். அந்தப் புரதம் ஒரு டர்பைன். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுழல்கிறது. அச்சுழற்சியில் ஏ.டி.பி. என்ற எரிபொருள் உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் புரோட்டான் தேக்கம் பற்றிச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. டர்பைன் சுழல்வதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1997-இல் நுண்ணோக்கியிலேயே பார்த்துவிட்டார்கள்.

என்னை வியக்க வைத்தது வோல்டேஜ். சவ்வின் இரு பக்கமும் உள்ள வித்தியாசம் சுமார் 150 மில்லிவோல்ட்தான். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் மில்லிமீட்டருக்கு 30,000 வோல்ட்! காற்று 3,000 வோல்ட்டிலேயே பொறி தட்டிவிடும். எந்த இன்சுலேட்டர் கம்பெனிக்காரர் இதற்கு உத்தரவாதம் தருவார்?

இவ்வளவு நுட்பமான இயந்திரத்தில் ஓர் உதிரிபாகம் பிசகினால் என்னவாகும்? 1871-இல் தியோடர் லேபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். பெரும்பாலும் இளம் வயது ஆண்களுக்கு வலியே இல்லாமல் ஒரு கண்ணின் மையப் பார்வை மங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண்ணும் மங்கும். காரணம் தெரிய 1988 வரை ஆயிற்று. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று 16,569 எழுத்துகள் கொண்ட தனி டி.என்.ஏ. உண்டு. அதில் 11,778-ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறினால், முதல் தொகுதியின் ஒரு புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. மின்சாரம் அதிகம் தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. இந்நோய்க்குக் காரணமான மாற்றங்களில் மிகப் பரவலானது இதுவே.

இந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வரும். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே" என்று அப்பா வழியில் தேடுவது வீண். தாய்மாமனுக்கு இள வயதில் பார்வை போனதா, பாட்டியின் சகோதரர்களுக்கு எப்படி என்று விசாரிக்க வேண்டும். நம் உறவுமுறை இங்கே அழகாகப் பொருந்துகிறது: அண்ணன் தம்பி என்று நாம் அழைக்கும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கும் நமக்கும் ஒரே வழி மைட்டோகாண்ட்ரியா. மாமாவுக்கும் அதுவே, ஆனால் மாமாவின் பிள்ளைகளுக்கு மாமியுடையது. ஆகவே நோயுற்ற ஆண், தன் குழந்தைக்கு இதைக் கொடுப்பதில்லை. பெண் பார்க்கும்போதும் பேரப்பிள்ளை பற்றிக் கவலைப்படும்போதும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தாய்வழி என்றதும் மருமகளைக் குற்றவாளியாக்கும் வீடுகளும் உண்டு. அவளும் தன் தாயிடமிருந்து கேளாமல் பெற்றவள்தான். கர்ப்பத்தில் அவள் தின்றதோ தின்னாததோ, கிரகணத்தில் வெளியே வந்ததோ இதற்குக் காரணமல்ல.

மாற்றம் உள்ள எல்லோருக்கும் பார்வை போவதில்லை. பெண்களில் பலர் கடைசி வரை நன்றாகவே இருப்பார்கள். சிகரெட் ஆபத்தைக் கூட்டுகிறது, அளவுக்கு மீறிய குடியும் அப்படியே. காசநோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் மாத்திரை பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. குடும்பத்தில் இந்நோய் இருந்தால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. நரம்பு வீக்கம் என்று தவறாகக் கருதி ஸ்டீராய்டு கொடுத்து நாள் கடத்துவதும் நடக்கிறது. ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மருந்து? ஐடிபினோன் என்ற ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் அனுமதி தந்தது. பழுதான முதல் தொகுதியைச் சுற்றிக்கொண்டு எலெக்ட்ரான்களை மூன்றாம் தொகுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மெயின் லைன் அடைபட்டால் லூப் லைனில் வண்டியை விடுகிறோமே, அந்த மாதிரி. சிலருக்கு ஓரளவு பார்வை திரும்புகிறது, எல்லோருக்கும் அல்ல.