நூலகக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது எப்படி?

"ஏபிஐ, ஏபிஐ என்கிறார்களே, அது என்ன?" என்று கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதை விளக்குவது சுலபம். நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் என்று கேட்ட தாள்களைக் கேட்டபடி கொடுத்தால்தான் வேலை நடக்கும். உள்ளே கணக்கை எப்படி எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தேவையில்லை. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் இப்படிக் குறிப்பிட்ட முறையில் கேட்டு, குறிப்பிட்ட முறையில் பதில் வாங்கும் கவுன்டர்தான் ஏபிஐ. அது இன்டர்நெட் வழியாக இயங்கினால் வெப் சர்வீஸ்.

நூலகத்துக்கு இது எதற்கு? புதுப் புத்தகம் வந்தால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றையும் பதிய வேண்டும். அதே புத்தகத்துக்காக ஆயிரம் நூலகங்களில் ஆயிரம் பேர் டைப் செய்வது வீண். நியூசிலாந்தில் 2000-ல் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா' என்ற இலவச நூலக மென்பொருளில் ஐஎஸ்பிஎன் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற இடங்களில் ஏற்கெனவே உள்ள பதிவைத் தேடி எடுத்து வந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் ஓப்பன்லைப்ரரி டாட் ஓஆர்ஜி என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். பிறகு சாய்வுக்கோடு, ஐஎஸ்பிஎன் என்ற நான்கு எழுத்துகள், மீண்டும் சாய்வுக்கோடு, 9780140328721, கடைசியில் டாட் ஜேஎஸ்ஓஎன். நடுவில் இடைவெளி கூடாது. என்டர் தட்டியதும் அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறிகளுமாக ஒரு பக்கம் வரும். பயப்பட வேண்டாம், அதற்குள் ரோல்ட் டாலின் ஒரு சிறுவர் நூலின் தலைப்பும் பதிப்பகமும் இருக்கும். படங்களும் அலங்காரமும் கிடையாது. இது மனிதருக்கான பக்கம் அல்ல, புரோகிராமுக்கான பதில்.

சரி, தமிழ்ப் புத்தகம்? சிக்கல் இங்கேதான். ஐஎஸ்பிஎன் உலகத் தரமானது 1970-ல். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது உ.வே.சாமிநாதையர் 1887-ல் பதிப்பித்த சீவக சிந்தாமணியில் எண் ஏது? சரஸ்வதி மகால் ஓலைச்சுவடிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எண் இல்லாவிட்டால் பெயரால் தேட வேண்டும். அமெரிக்க நூலகங்களில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பதியும் முறைப்படி 'சீவக', 'சாமிநாத' இரண்டுமே ஆங்கில 'சி'யில் தொடங்கும். நாம் பழக்கப்படி 'எஸ்' போட்டால் கம்ப்யூட்டர் "இல்லை" என்று சொல்லிவிடலாம். அதற்கு ஓசை தெரியாது, எழுத்துதான் தெரியும். புத்தகம் அலமாரியிலேயே இருக்கும், வாசகர் வெறுங்கையோடு திரும்புவார். எனக்கு இது சிறிய குறையாகத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் வாசகசாலைக்கு எக்செல்லில் பட்டியல் போட உதவியபோது நான் வற்புறுத்தியது இரண்டு விஷயங்கள். தமிழை யூனிகோடில் மட்டுமே அடிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள், மற்ற புரோகிராம்களுக்கு அது வெறும் உளறல். அடுத்து, ஐஎஸ்பிஎன் எண்களை அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எக்செல் 13 இலக்க எண்ணை 9.78இ+12 என்று சுருக்கிக் காட்டும். பழைய 10 இலக்க எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தையும் விழுங்கிவிடும்.

எண் இல்லாத பழைய நூல்களுக்கு யாராவது ஒருவர் முதல் பதிவைப் போட்டே ஆக வேண்டும். ஓப்பன் லைப்ரரியில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி யாரும் புத்தகம் சேர்க்கலாம். தாத்தாவின் பெட்டியில் இருக்கும் நூலின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, பெயரைத் தமிழிலேயே அடியுங்கள். நாளை மலேசியாவிலிருந்து ஒரு புரோகிராம் கேட்டாலும் கவுன்டரில் பதில் கிடைக்கும்.