இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவர் பவர்லூம் ஓட்டுகிறார். காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, சளியிலும் கிருமி இல்லை என்றார்கள். ஆனாலும் இன்னும் நான்கு மாதம் சாப்பிட வேண்டுமாம். இல்லாத கிருமிக்கு எதற்கு மருந்து?
- ஒரு வாசகி, பொதட்டூர்பேட்டை

பதில்: சளியில் தெரியவில்லையே தவிர, நுரையீரலில் இன்னும் மிச்சம் இருக்கும் அம்மா. அந்த மிச்சம்தான் இந்த நோயின் சூழ்ச்சியே.

காசநோய்க் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள். எல்லாமே எப்போதும் வேலை செய்வதில்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்: பாவு அதேதான், ஜக்கார்டு அட்டை மாறினால் பூ மாறிவிடும். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து அடைக்கும்போது உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. அதைக் கிருமியின் இரண்டு புரதங்கள் உணர்ந்து, டெவ்ஆர் என்ற மூன்றாவது புரதத்தை முடுக்குகின்றன. அது ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான மரபணுக்களை ஒரே மூச்சில் இயக்கிவிடும். பிறகு கிருமி பெருகாது. சேமித்த கொழுப்பில் காலம் தள்ளும். டெல்லி எய்ம்ஸில் ஜெயா தியாகியின் குழு 2000-இல் விவரித்த புரதம்தான் இந்த டெவ்ஆர். வெளிநாட்டு ஆய்வுகளில் டாஸ்ஆர் என்பார்கள்.

ஐசோனியசிட் மருந்து, கிருமி புதுச் சுவர் கட்டுவதைத் தடுத்துக் கொல்வது. பெருகாமல் கிடக்கும் கிருமி சுவரே கட்டுவதில்லை, அதனால் தப்பிவிடும். அதற்குத்தான் ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அதே மருந்து. மரபணுவைப் படிக்கும் நொதியையே அது மடக்குகிறது. முடங்கிய கிருமி எப்போதாவது ஒரு மரபணுவைப் படிக்க முயன்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் முயல்வதில்லை, மாதக்கணக்கு அதற்காகத்தான். இடையில் நிறுத்தினால் மிஞ்சியவை மறுபடி பெருகும். அந்த நொதியில் சிறு மாற்றம் உள்ள கிருமி அவற்றில் இருந்துவிட்டால் ரிஃபாம்பிசின் பலிக்காது. அந்த நிலை எனக்கு உண்மையாகவே அச்சம் தருவது.

முன்பு இந்த நோய்க்குச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது, சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம். உங்கள் கணவர் வீட்டிலேயே குணமாகிறார் என்றால் அந்த ஆய்வுக்கு அதில் பங்குண்டு.

வாந்தியோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லோரையும், முக்கியமாகக் குழந்தைகளை, பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.