சாப்பிட்ட கையோடு டீ வேண்டாமே!

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைப்பதற்குள் டீ கொதித்துவிடும். அம்மாவுக்கு ரத்தசோகை என்று தெரிந்த பிறகுதான் அதை விட்டோம். முருங்கைக்கீரை, பயறு என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தாலும், டீ, காபியில் உள்ள டானின் போன்றவை அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு விழுங்க வேண்டாம். கீரைப் பொரியலை இறக்கி, சூடு தணிந்ததும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நெல்லிக்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டாலும் சரி. வைட்டமின் சி இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். படியேறினாலே மூச்சு வாங்குகிறதா? வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டி, ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

உப்பு, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இதற்குள் அடக்கம். மோருக்கும் பழத்துக்கும் உப்புத் தூவுவதை முதலில் நிறுத்தலாம்.

காலையில் தவறாமல் பல் துலக்கும் நாம், இரவில் துலக்காமல் படுத்துவிடுகிறோம். படுக்கும் முன் 2 நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்டில் உள்ள ஃபுளோரைடும் போய்விடும். பிள்ளைகளுக்கு இரவுப் பால் கொடுப்பதானால், துலக்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.